கடைத்தெருவுக்கு ரயில் வேண்டாம் என்று நாங்கள் சொன்ன கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. எங்கள் பூட்டுக்கடைக்கு எதிரே பொத்தான் கடை வைத்திருக்கும் அக்காவிடம் பேரம் பேசி வாங்கியது.

நகரத்துக்குப் புது ரயில் பாதை திட்டமிட்டபோது எங்கள் தெரு செய்த காரியத்தை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா என் வீட்டுக்காரரை அழகா எழுதணும்" என்றாள். நான் 'பார்க்கச் சகிக்கும் முகம்' என்பதில் ஆரம்பித்தேன். அவள் 'மன்மதன்' என்பதில் நின்றாள். ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. கடைசியில் 'லட்சணமானவர்' என்பதில் படிந்தது. ஆகவே, வாசகரே, கீழே எங்காவது 'லட்சணமானவர்' என்று வந்தால் அதை வர்ணனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒப்பந்தம்.

சரக்கு கைக்கு வந்துவிட்டது. இனி எடுத்துப் போட வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் முதலில் தைரியமாக விரிப்பது விற்காத துணியைத்தான். நானும் அப்படியே செய்கிறேன்.

தொடக்கம், முதல் ரகம்: "நகரம் மெல்லக் கண்விழித்த அந்தக் காலைப் பொழுதில் வளர்ச்சியின் இரும்புக் கரங்கள்"

[மடித்து வையுங்கள். எங்கள் தெருவில் காலை என்பது ஷட்டர் தூக்கும் சத்தம். இரும்புக்கு அதற்கு மேல் வேலையில்லை.]

இரண்டாம் ரகம்: "போக்குவரத்துத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு என்பது மக்களாட்சியின் உயிர்நாடியாகக் கருதப்படும்"

[இந்த வாக்கியத்தை முடிக்க ஆள் வைத்துத்தான் தள்ள வேண்டும்.]

மூன்றாம் ரகம்: "பொத்தான் கடை அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்."

இதைப் படித்ததும் அக்கா கையில் நாடா அளக்கும் மரக்கோல் இருந்தது. நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன். ஆனால் அவள் அடிக்கவில்லை. "பொய்யில்லையே, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

இருக்கட்டும். இதுதான் தொடக்கம்.

2

அக்காவின் கணவருக்கு நகரத்தின் மறுகோடியில், கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் தெருவிலிருந்து அங்கே போக ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ், நடுவே நெரிசல். தினம் போய்வந்தால் மனிதன் பஸ்ஸுக்குத்தான் புருஷனாக இருக்க வேண்டும். ஆகவே வாரநாட்களில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே, கூட வேலை பார்ப்பவர்களோடு ஓர் அறையில் தங்கிவிடுவார். சனி சாயங்காலம் வருவார். திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார். லட்சணமானவர்.

தொழிற்சாலை இப்போது குடும்பத்தோடு இருக்க வீடு தருகிறேன் என்றது. மழைக்காலம் முடிவதற்குள் வேண்டும், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். போனால் பொத்தான் கடையை மூட வேண்டும். அது மாமனார் வைத்த கடையில்லை, அப்பா கொடுத்த கடையுமில்லை. வேறொருவர் கடையின் படிக்கட்டில் துணி விரித்து ஊக்கும் நூலும் விற்று, அந்தப் படிக்கட்டையே பிறகு விலை பேசி வாங்கியவள் அவள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று தைத்திருக்கும். நின்று பார்த்தால் சுவரே நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருமுனையில் அறிவிப்பு ஒட்டினார்கள். புதிய நகர ரயில் பாதை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அனைவரும் வருக. கூடவே ஒரு வரைபடம். அதில் பாதை புட்டித் தொழிற்சாலைப் பக்கம் தொடங்கி, ஆற்றைத் தாண்டி, நேராக எங்கள் கடைத்தெருவின் வாசலில் ஒரு கறுப்புப் புள்ளியாக நின்றது.

அந்தப் புள்ளியை அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள். பொத்தான் என்று நினைத்தாளோ என்னவோ.

[இல்லை. கடைசி இரண்டு வாக்கியமும் எழுத்தாளன் புத்தி. அவள் சொன்னது: "தொடல. கூட்டத்துல எவன் கை நீட்டினானோ." சரி, தொடவில்லை.]

3

இங்கே நான் கொஞ்சம் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் இனி வருவது முழுக்கப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

எங்கள் தெருவில் பிறந்த குழந்தை 'அம்மா' என்பதற்கு முன் 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும். (மிகைதான். கொஞ்சம்.) பிடித்த துணியைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பாலபாடம். பக்கத்துத் துணியைப் பிரித்து, அதில் குற்றம் கண்டுபிடித்து, நமக்கு வேண்டியதைக் கடைசியில், கெட்டுப்போன பாலை முகர்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தொட வேண்டும். 'வேண்டாம்' என்பது எங்களுக்கு வணக்கம் மாதிரி. வேண்டாம் என்றவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுப்போம். எடுத்த எடுப்பில் 'சரி' என்பவரைத்தான் மேலும் கீழும் பார்ப்போம், பணம் நல்ல பணமா என்று.

கூட்டத்துக்கு முன்தினம் வியாபாரிகள் சங்கம் ஜவுளிக்கடையின் பின்கட்டில் துணிப்பொதிகளின் மேல் உட்கார்ந்து கூடியது. ஜவுளிக்கடைக்காரர்தான் சங்கத் தலைவர். தலைமுறை தலைமுறையாகக் குடை விற்பவர் ஒருவர் எங்கள் தெருவில் உண்டு, எதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுவார். அதனால்தான் அவர் கடை இன்னும் சின்னக் கடை.

"நமக்கு ஸ்டேஷன் வேணுமா, வேண்டாமா?" என்றார் குடைக்காரர்.

"வேணும்யா. யாருக்குக் கசக்குது? அதனாலதான் வேண்டாம்னு சொல்லப் போறோம்" என்றார் தலைவர்.

"சொன்னா?"

"இறங்கி வருவாங்க. தோண்டற காலத்துக்கு ஏதாவது பாத்துச் செய்யறோம்னுவாங்க. சரக்கு இறக்கத் தனி வழின்னுவாங்க. வாசல் ரெண்டா வைக்கறோம்னுவாங்க. அப்பவும் நாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கணும். கடைசியில, சரி, இவ்வளவு கெஞ்சறீங்களேன்னு ஒத்துக்கணும்."

"எவனாவது முதல்ல வேணும்னு வாயைத் திறந்தா, அவன் கடைக்கு மறுநாள் தெருவே பாதி விலை கேட்டு வரும்" என்றாள் அக்கா. அவள்தான் தெருவிலேயே பெரிய பேரக்காரி. அவளுக்குத்தான் அந்தப் புள்ளி எல்லோரையும்விட அதிகம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கதை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

4

பள்ளிக்கூடத்துக் கூட்ட அறை. உயரம் போதாத நாற்காலிகள், கூவுகிற மைக். திட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நீளக் கோட்டு, காதில் பென்சில். நாங்கள் பெயர் விசாரிப்பதற்குள் தெரு அவருக்கு 'பென்சிலம்மா' என்று பெயர் வைத்துவிட்டது.

ஒவ்வொருவராக எழுந்தோம். தூசி பறக்கும் என்றார் தலைவர். சுவர் விரிசல் விடும் என்றார் பாத்திரக்கடைக்காரர். ரயிலில் வருகிறவன் குடை கொண்டுவர மாட்டான், நனையவும் மாட்டான், என் பிழைப்பு என்ன ஆவது என்றார் குடைக்காரர். (உள்ளதைச் சொல்வதென்றால் அவர் ஒருவர்தான் அன்று நிஜம் பேசினார்.) பென்சிலம்மா ஒவ்வொருவரிடமும் "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "இல்லை" என்றால், "நன்றி" என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாக அக்கா.

"எங்க தெரு எங்களுக்குப் போதும்மா. உங்க ரயிலு நல்ல ரயிலாத்தான் இருக்கும். ஆனா மொட்டைத் தலைக்கு எதுக்கு முத்துச் சீப்பு? வேற யாருக்காவது முடி இருக்கும், அவங்களுக்குக் குடுங்க."

அறை அதிர்ந்தது. பாத்திரக்கடைக்காரர் நாற்காலியில் தட்டினார். நல்ல பேரத்துக்கு எங்கள் ஊரில் கிடைக்கும் மரியாதை அது. தலைவர் முன்னால் சாய்ந்தார், எதிர்விலை வரும் என்று.

பென்சிலம்மா எழுதி முடித்தார். "உங்க கருத்து ரொம்பத் தெளிவா இருக்குது. மதிக்கறோம்" என்றார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"கெட்டிக்காரி, பிடி கொடுக்காமப் போறா பாரு. தானா வருவா" என்றார் தலைவர், மதிப்போடு.

5

பென்சிலம்மாவை வைத்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

என் முதல் வரைவில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டே, மக்கள் பேசும்போது கொட்டாவி விட்டார். அக்கா படித்துவிட்டு, "அந்தம்மா கண்ணாடியே போடலையே. கொட்டாவி விட்டது நீதான், நான் பாத்தேன்" என்றாள்.

உண்மை. இந்த மாதிரிக் கதைகளில் அதிகாரி காது கேளாதவராக இருப்பது வழக்கம்.* காது கேளாத அதிகாரியை எழுத எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல் விடாமல் கேட்கும் அதிகாரியை எப்படி எழுதுவது? அவரால் வரும் கெடுதலுக்கு யாரைத் திட்டுவது?

* வசதி அப்படி. மக்கள் நல்லவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் கெட்டவர்கள் என்று எழுதினால் வாசகர் கையைத் தட்டிவிட்டுத் தூங்கப் போவார். எங்கள் தெருவில் இதைக் 'கழிவுச் சரக்கு' என்போம்: சீக்கிரம் போகும், திரும்ப வாங்க யாரும் வரமாட்டார்கள்.

சில நாள் கழித்துப் பென்சிலம்மா தெருவைப் பார்க்கத் தனியாக வந்தார். தெருவே விறைத்து நின்றது: வந்துவிட்டாள், எதிர்விலையோடு. அவரோ நேராகப் பொத்தான் கடைக்குள் போய், கோட்டின் மேல் பொத்தான் அறுந்த இடத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

"கஷ்டம்மா. இந்த ரகம் இப்ப வர்றதேயில்லை" என்றாள் அக்கா. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய அதே பொத்தான்.

"அப்படியா, பரவாயில்லை. வர்றேன்" என்று பென்சிலம்மா திரும்பிப் படி இறங்கிவிட்டார்.

அக்கா வெலவெலத்துப் போனாள். "இருங்கம்மா, இருங்க. தேடிப் பாக்கறேன்" என்று கூப்பிட்டு, தேடுவதுபோல் தேடி, எடுத்து, முதல் விலையைச் சொன்னாள். முதல் விலை என்பது ஆகாயம். அங்கிருந்து இறங்கி வரத்தானே பேச்சே இருக்கிறது. பென்சிலம்மா பையைத் திறந்து அந்த ஆகாயத்தை அப்படியே கொடுத்தார்.

"கொறச்சுக் கேக்க மாட்டீங்களா?"

"பொத்தான் உங்களோடது. என்ன விலைன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று முழுக்க அக்காவுக்கு வியாபாரம் ஓடவில்லை. அந்தப் பணம் கல்லாவில் தனியாகக் கிடந்தது, மற்றதோடு சேரக் கூச்சப்படுவதுபோல.

6

[ஆறாம் பகுதி ஒன்று இருந்தது. அதில் நகரப் போக்குவரத்தின் வரலாறு இருந்தது. அக்கா வெட்டிவிட்டாள். "துணி நல்லாத்தான் இருக்கு, சட்டைக்கு வேண்டாம்" என்றாள். இந்த 'வேண்டாம்' நிஜ வேண்டாம்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.]

7

திருத்திய வரைபடம் வந்தது. எங்கள் புள்ளி இல்லை. பாதை ஆற்றைத் தாண்டியதும் எங்களைத் தொடாமல் விலகி, அடுத்த பேட்டையான மேட்டுத்தெருப் பக்கம் போய் நின்றது. மேட்டுத்தெருக்காரர்கள் அவர்கள் கூட்டத்தில், தயவுசெய்து வாருங்கள் என்று வெட்கமில்லாமல் சொல்லியிருந்தார்களாம். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'கடைத்தெரு மக்களின் ஒருமித்த விருப்பத்தை ஏற்று, அங்கு நிலையம் கைவிடப்பட்டது.'

தலைவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "விருப்பமா? யாரு விருப்பம்?" என்றார். ஒவ்வொருவராகக் கடைக்குத் திரும்பினார்கள். குடைக்காரர்கூட.

ஞாயிற்றுக்கிழமை. லட்சணமானவர் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். தெரு குறுகல், காதை மூடினால்தான் கேட்காது.

"கூட்டத்துல நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன்."

"ஏன்?"

"வேணும்னுதான்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன், உங்க தெருப் பேச்சு எனக்குப் பிடிபடலை" என்றார். கோபமில்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "அப்ப வீட்டுக்குச் சரின்னு சொல்லிடட்டுமா?"

அக்கா ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"சொல்லிடுங்க."

"இது நிஜமா, இல்ல உங்க தெரு வழக்கமா?"

அக்கா அடுத்த பெட்டியை எடுத்தாள். பெரிய பேரக்காரிக்கு அன்றுதான் தன் வார்த்தை தன்னிடமே செல்லுபடியாகவில்லை என்று தெரிந்தது. அவர் மேலே கேட்கவில்லை. மழைக்காலம் இன்னும் பாக்கியிருந்தது.

திங்களன்று காலை அக்கா என்னை வந்து எழுப்பாத குறை. "தம்பி, கடையைப் பூட்டு. அந்த அம்மா நான் சொன்ன விலையை அப்படியே குடுத்தாங்கடா" என்றாள்.

"அதுக்கு?"

"அவங்களுக்கு வேற மாதிரி கேக்கவே தெரியாதுடா. நாம வேண்டாம்னோம். நம்பிட்டாங்க."

8

திட்ட அலுவலகம். நீள மேசைகள், சுவரெங்கும் வரைபடம். பென்சிலம்மாவின் கோட்டில் எங்கள் தெருப் பொத்தான் மின்னியது. நான் துணைக்குப் போனவன்; ஓரமாக நின்றேன்.

"அம்மா, அன்னிக்கு நாங்க சொன்னோமே" என்று அக்கா இழுத்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்கு. முத்துச் சீப்பு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்."

"அது வந்து, நாங்க அப்படிச் சொல்லலை."

"சொன்னீங்களே."

"சொன்னோம். ஆனா வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமா?"

"வேற என்ன அர்த்தம்?"

"ஆரம்பிக்கலாம்னு அர்த்தம்மா."

பென்சிலம்மா பென்சிலைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒரு தெருவே மனசார வேண்டாம்னு சொல்லுதுன்னு நெனச்சேன். அந்த ஸ்டேஷனை எடுக்கக் கூடாதுன்னு மேலே சொன்னவங்களோட சண்டை போட்டேன், உங்களுக்காக."

எனக்கு அங்கேயே தரை விலகி விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"இப்ப மாத்த என் கையில இல்லை. பாதை முழுசுக்கும் ஒரு கடைசிக் கூட்டம் இருக்குது. அங்கே பேசறது ஒவ்வொண்ணும் பதிவாகும். வேணும்னா வேணும்னு சொல்லுங்க. எதுக்குன்னு சொல்லுங்க. அது போதும்" என்றார்.

"நேராவா?" என்றாள் அக்கா. துணியில்லாமல் தெருவில் நடக்கச் சொன்னதுபோல் இருந்தது அவள் குரல்.

9

ஒத்திகை. அதே பின்கட்டு, அதே துணிப்பொதிகள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து 'எங்களுக்கு ஸ்டேஷன் வேணும்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"குடுத்தா பாக்கலாம்" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"அது வேணும் இல்லைய்யா" என்றாள் அக்கா.

"வேண்டாம்னு சொல்ல முடியாது" என்றார் இன்னொருவர்.

"உக்காரு."

தலைவர் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்கு ஸ்டேஷன் வே..." என்று தொடங்கி, துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கூசுதம்மா. எங்கப்பா காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு?" என்றார். அவர் அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று.

குடைக்காரர் ஒருவர்தான் முதல் தடவையிலேயே சொன்னார். "ஆனா எனக்கு வேண்டாமே, அதனாலதான் சுலபமா வருது" என்றார்.

நான் இந்த இடத்தை இன்னும் நீட்டியிருக்கலாம். சிரிப்பு வருகிற இடம். ஆனால் அக்கா அன்று ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்கவில்லை என்பது எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரையும் திருத்தினாள். தன் முறை வந்ததும் விளக்கை அணைத்துக் கிளம்பிவிட்டாள்.

10

கடைசிக் கூட்டம் நகரமன்றக் கூடத்தில். பாதை போகும் எல்லாப் பேட்டைகளும் வந்திருந்தன. மேட்டுத்தெருவுக்காக ஒரு மருந்துக்கடை ஐயா எழுந்து, "எங்களுக்கு ஸ்டேஷன் வேணும். பஸ் பிடிக்கவே மேடு இறங்கணும், வயசானவங்க நெறைய" என்று சொல்லி உட்கார்ந்தார். ஒரு மூச்சு. எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், கத்தி விழுங்குகிறவனைப் பார்ப்பதுபோல.

அப்புறம் கடைத்தெரு. தலைவர் எழுந்து, எழுந்ததோடு நின்றார். அக்கா மைக்கை வாங்கினாள்.

[இங்கே நான் அவளுக்காக ஒரு நல்ல உரை தயாரித்திருந்தேன். நாலு உவமை, ஒரு பழமொழி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் பேசியதைப் பேசியபடியே போடுகிறேன்.]

"முன்னாடி வேண்டாம்னு சொன்னது நான்தான். அது எங்க தெருப் பேச்சு. அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க." நிறுத்தினாள். மைக் கூவியது. "என் வீட்டுக்காரர் இந்தப் பாதையோட அந்தக் கடைசியில வேலை பாக்கறார். வாரத்துக்கு ஒருநாள் வர்றார். நான் பொத்தான் கடை வெச்சிருக்கேன். அதை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. அவரை விட்டுட்டு இருக்கவும் இஷ்டமில்லை. எனக்கு ரெண்டும் வேணும். எனக்கு..." மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினாள். "எனக்கு அவர் செவ்வாய்க்கிழமையும் வேணும்."

கூடத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். அவளுக்கு எந்தக் கிழமை பாக்கியோ. தட்டல் முன்வரிசைவரை வந்தது. தலைவர் எழுந்து, "எங்களுக்கு வேணும்" என்றார், பளிச்சென்று. "வேணும்" என்றார் பாத்திரக்கடைக்காரர். வரிசையாக, பல் பிடுங்கியவர்கள்போல் வியர்த்து, ஒவ்வொருவராக. குடைக்காரரும் எழுந்தார். "எனக்கு வேண்டாம். ஆனா இவங்களுக்கு வேணும், குடுத்திடுங்க" என்றார்.

பென்சிலம்மா எழுதிக்கொண்டே வந்தார். நிமிர்ந்தார். "ரெண்டு தெருவுக்கும் நடுவுல தூரம் கம்மி. ரெண்டு ஸ்டேஷன் வைக்க முடியாது. ஒண்ணுதான்" என்றார்.

எல்லோரும் மேட்டுத்தெரு வரிசையைப் பார்த்தார்கள். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். கசப்பு வரும் நேரம். அக்காவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பேரம் அவள் பிறந்த வீடு.

"ஐயா, உங்களுக்கும் வேணும், எங்களுக்கும் வேணும். நடுவுல வெச்சா என்ன?" என்றாள், மருந்துக்கடை ஐயாவைப் பார்த்து.

"நடுவுல வெச்சா ரெண்டு பேருக்கும் தூரம்."

"ஸ்டேஷன்தானே நடுவுல. வாசல் ஆளுக்கொண்ணு."

"எங்க வாசல் மேட்டுக்கு மேல வரணும்" என்றார் ஐயா. அவருக்கும் வாயிருந்தது.

"வரட்டும். எங்களுது பாத்திரக்கடைக்கு இந்தப் பக்கம் வரணும்."

"அம்மா, அங்கே முடியுமா?" என்று ஐயா பென்சிலம்மாவைக் கேட்டார்.

பென்சிலம்மா வரைபடத்தின் மேல் குனிந்தார். வளைவில் நிலையம் வைக்க முடியாதாம். நேராக ஓடும் துண்டு வேண்டுமாம். இரண்டு தெருவுக்கும் இடையில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டிக்கும் அச்சகத்துக்கும் நடுவே பாதை நேராகத்தான் ஓடியது. கோடு போட்டார், அளந்தார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு மைக்குக்கு வந்து, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"ரெண்டு வாசல்னா நகரும் படி ஒரு பக்கம்தான். லிஃப்ட் ரெண்டு பக்கமும் உண்டு. கூரை சாதாரணமாத்தான் இருக்கும்."

எங்கள் வரிசை மூச்சை உள்ளே இழுத்தது. தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எறங்கி வர்றாங்கடா. அந்தம்மா எறங்கி வர்றாங்க" என்றார். அவர் கண் நனைந்திருந்தது.

"கூரை போனாப் போகுது. நகரும் படி மேட்டுத்தெருவுக்குக் குடுங்க. அவங்களுக்கு மேடு" என்றாள் அக்கா.

எங்கள் தெரு சரித்திரத்தில் கேட்காமலே ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுத்தது அன்றுதான்.

"அய்யோ வேண்டாம்மா, நீங்களே வெச்சுக்குங்க" என்றார் மருந்துக்கடை ஐயா, மரியாதைக்கு.

"ஐயா, அந்தம்மா எழுதிடுவாங்க. வேணும்னா வேணும்னு சொல்லிடுங்க."

"வேணும்" என்றார் ஐயா அவசரமாக.

கூடம் எழுந்து கைதட்டியது. பென்சிலம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே, தலையைக் குனிந்து, அதையும் எழுதிக்கொண்டார்.

11

வென்றுவிட்டோம். கதையை இங்கே முடித்தால் எனக்கு லாபம். ஆனால் முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. காட்டாமல் அனுப்பினால் வியாபாரி குணத்துக்கு அழகில்லை.

முடிவு, முதல் ரகம்: இறுதி வரைபடம் வந்த ஞாயிறு லட்சணமானவர் வந்து, "வீடு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். அக்கா, "திரும்பவும் கூப்பிட மாட்டாங்களே?" என்றாள். "அது தொழிற்சாலை. அங்கே வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார். [நல்ல முடிவு. ஆனால் ரயில் இல்லாத ரயில் கதை.]

இரண்டாம் ரகம்: தலைவர் தரப்பு. திறப்பு விழா, அவர் கையில் கத்தரிக்கோல், துணியை எத்தனையோ வெட்டியவர் நாடாவை வெட்டுகிறார். இதை எழுதினால் ஒரு சட்டைத்துணி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மறுபடி கூப்பிடுவார் என்று பார்க்கிறேன், இதுவரை கூப்பிடவில்லை. [அவரும் மாறிவிட்டார்.]

மூன்றாம் ரகம்: லட்சணமானவரே சொன்னது. "தினம் வர ஆரம்பிச்சு, பொத்தானையெல்லாம் நெறம் பாத்து வைக்காம அளவு பாத்து வைன்னு சொன்னேன். ரெண்டு நாள் பேசலை. அதையும் எழுது." [ஆசைதான். அக்கா மரக்கோலை எடுத்துவிட்டாள்.]

பாதை கட்டி முடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட வருஷங்களை நான் இந்த ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறேன். அதில் தூசி இருந்தது, சுவர் விரிசல் இருந்தது, நாங்கள் பொய்யாகச் சொன்ன ஒவ்வொரு குறையும் நிஜமாகவே இருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

முதல் ரயில் விட்டது ஒரு வியாழக்கிழமை. கதைக்காகச் செவ்வாய் என்று மாற்றியிருப்பேன். அக்கா, "எனக்கு வியாழனும் வேணும்" என்றாள்.

சாயங்காலம். அச்சகத்துக்குப் பக்கத்தில், சாதாரணக் கூரைக்குக் கீழே எங்கள் வாசல். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து மேல்படியில் நிற்கிறாள். தோளில் ஒரு துணி நாடா தொங்குகிறது, எடுக்க மறந்துவிட்டாள். கீழே ரயில் வந்து நின்ற சத்தம். காற்று ஒன்று முதலில் மேலே வருகிறது, புது சிமெண்டு வாசனையோடு. பிறகு தலைகள். பை தூக்கியவர்கள், குழந்தை தூக்கியவர்கள், எங்கே வந்திருக்கிறோம் என்று அண்ணாந்து பார்க்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே, தொழிற்சாலைச் சட்டையை மாற்றாமல், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவர்.

அவர் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

அவள் என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பத்தடி தள்ளித்தான் நின்றேன். அதை மட்டும் அவள் எனக்கு விற்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். ஆகவே இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது: படியின் பாதியில் ஒருவர், உச்சியில் ஒருத்தி, பின்னால் முண்டும் கூட்டம். ரொம்ப நேரம் அவரை அங்கே நிறுத்திவைக்க முடியாது. அடுத்த ரயிலும் வந்துகொண்டிருக்கிறது.

நான் கையை எடுத்துவிட்டேன். மீதிப் படிகளில் அவரை நீங்கள் ஏற்றிவிடுங்கள்.